சுபத்ராவின் பங்கு

"வால்பாறையில நான் பாத்தது ஒண்ணே ஒண்ணு. வாந்திப் பை. அதுக்கு நாலுல ஒரு பங்கு குடுக்கணுமா?" என்று கேட்டாள் ஃபர்ஹானா.

நியாயமான கேள்விதான். மலைப்பாதையின் முதல் கொண்டையூசி வளைவிலேயே அவளுக்குத் தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது. மற்ற மூவரும் ஆற்றில் இறங்கிக் கூத்தடித்தபோது, அவள் விடுதி அறையில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி சுருண்டு கிடந்தாள். ஊர் திரும்பியதும் ஜெசிந்தா மொத்தச் செலவையும் நான்கால் வகுத்துச் சொல்ல, ஃபர்ஹானாவுக்கு வயிறு எரிந்தது.

"அப்போ போன மாசம் ஏசிக்கு?" என்று பதிலுக்கு எகிறினாள் ஜெசிந்தா. "எனக்கு ஏசி ஆகாது. கம்பளியப் போத்திக்கிட்டுதான் படுத்துக் கெடந்தேன். நான் பங்கு குடுக்கலியா?"

"அப்படிப் பாத்தா சுபத்ராக்கா எதுக்குமே குடுக்க வேணாம்" என்றாள் மங்கை. "ரெண்டு வாய் தின்னுட்டு எந்திரிச்சிடுறாங்க."

சுபத்ரா புன்னகைத்தாள். "எனக்கு ஒண்ணும் இல்ல. எப்படிப் போட்டாலும் சரி."

சிங்காநல்லூர் குளத்தைப் பார்த்த வீடு அது. மூன்றாவது மாடி. கோவையில் டிரைவர் இல்லாத பஸ் ஓட ஆரம்பித்த வருடம் நால்வரும் அங்கே குடிவந்தார்கள். ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி, ஒரு சின்னக் கம்பெனியில் புரோகிராமர். காயல்பட்டினத்து ஃபர்ஹானா வீடுகளுக்கு வரைபடம் போடுபவள். போடியிலிருந்து வந்த மங்கையர்க்கரசி, மூட்டு மாற்றிக்கொண்டவர்களுக்கு மறுபடி நடக்கப் பழக்கும் பிசியோதெரபிஸ்ட். நால்வரில் சம்பளம் குறைவு அவளுக்குத்தான். படிப்புக்கு வாங்கிய கடன் வேறு பாக்கி இருந்தது. சிதம்பரத்துக்காரியான சுபத்ரா எல்லோருக்கும் மூத்தவள். பேட்டரி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் பெரிய பதவி, பெரிய சம்பளம். அவளே தனியாக ஒரு வீடு எடுத்துக்கொள்ளலாம். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால், "தனியா இருந்து என்ன பண்றது?" என்பாள்.

சண்டை முற்றியபோதுதான் ஜெசிந்தா எழுந்துபோய்த் தன் பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து வந்தாள். அதில் நான்கு ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருந்தன. கறுப்பு நிறம், மிளகு அளவு.

"எங்க கம்பெனில புதுசாப் பண்ணிருக்கோம். பேரு துலா. இத காதுக்குப் பின்னால ஒட்டிக்கிடணும். மனசுக்கு ஒண்ணு பிடிச்சிதுன்னா மண்டைக்குள்ள சில இடம் சுறுசுறுப்பாகும்லா, அத இது கண்டுபிடிச்சிரும்."

"கண்டுபிடிச்சு?"

"செலவுல பங்கு போடுதோம். அந்தச் செலவால வந்த சந்தோசத்துல பங்கு இருக்கா? இல்ல. ஒருத்தி ஆத்துல குளிக்கா, ஒருத்தி வாந்தி எடுக்கா. ரெண்டு பேருக்கும் ஒரே துட்டு. துலா அப்படிச் செய்யாது. யாருக்கு எவ்வளவு சந்தோசமோ அவ்வளவு பங்கு."

"ஆத்தி!" என்றாள் மங்கை. "கரண்ட் பில்லுக்குமா?"

"ஃபேன் காத்து யாருக்குச் சொகமா இருந்திச்சோ, அவளுக்கு. வாடகைகூட அப்படித்தான். இந்த வீட்டுல யாருக்கு நிம்மதி ஜாஸ்தியோ அவ ஜாஸ்தி குடுக்கணும். துட்டு நேரா பேங்குல இருந்து போயிரும். வெளியில சிரிக்கிறது அழுவுறதெல்லாம் கணக்குல வராது, உள்ள என்ன நடக்குன்னுதான் பாக்கும்." அவள் குரல் சற்றுத் தணிந்தது. "மூணு மாசம் நாலு பேரு ஒட்டிப் பாக்கணும். நல்லபடியா முடிஞ்சா எனக்கு வேலைய நிரந்தரமாக்கிருவாங்க."

அது போதுமானதாக இருந்தது. ஃபர்ஹானா முதல் ஆளாக முக்காட்டை விலக்கிக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டாள்.

முதல் மாதக் கணக்கு வந்தபோது வீடே சிரித்தது. மங்கையின் பங்கு பாதியைத் தாண்டியிருந்தது. தக்காளி ரசத்துக்கு அவள்தான் முதல். ஃபேனுக்கு அவள். பால்கனியில் காய்ந்த துணியின் மொடமொடப்புக்கு அவள். காலையில் மோட்டார் போட்டதும் குழாயில் காற்று புறப்பட்டு வரும் 'புர்ர்' சத்தத்துக்குக்கூட, துலாவின் கணக்குப்படி, அவள் ஒருத்திதான் மகிழ்ந்திருந்தாள்.

"அந்தச் சத்தத்துல என்னட்டி இருக்கு?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"எங்க வீட்டு மாடு தும்முற மாதிரியே இருக்கும்டி!" என்று சொல்லிவிட்டு மங்கை மறுபடி சிரிக்க, ஜெசிந்தாவின் போனில் அவள் பங்கு இன்னும் கொஞ்சம் ஏறியது. "நான்தான் இந்த வீட்ல ஃபர்ஸ்ட் ராங்க்" என்று அவள் பெருமை அடித்துக்கொண்டாள்.

கடைசி வரியில் சுபத்ராவின் பெயர் இருந்தது. அதற்கு நேரே பூஜ்யம்.

"பொட்டு கெட்டுப்போயிருக்கும்" என்றாள் ஜெசிந்தா. சுபத்ராவின் பொட்டை எடுத்து மங்கைக்கு ஒட்டி, வாயில் ஒரு பலாச்சுளையைத் திணித்தாள். போன் உடனே கீச்சிட்டது. மங்கையின் பொட்டைச் சுபத்ராவுக்கு ஒட்டி அவளுக்கும் ஒரு சுளை கொடுத்தாள். போன் அசையவில்லை. இன்னொரு சுளை. அப்போதும் இல்லை.

"எனக்குப் பலாப்பழம் பிடிக்குமே" என்றாள் சுபத்ரா. மென்று விழுங்கினாள். "பிடிச்சிட்டு இருந்தது."

ஜெசிந்தா கையிலிருந்த அடுத்த சுளையைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"இல்ல, நான் சிரிச்சேனே. நீங்க எல்லாரும் சிரிச்சப்ப நானும் சிரிச்சேனே" என்று அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். "எல்லாருக்கும் உள்ள இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். நீங்கள்லாம் கொஞ்சம் ஜாஸ்தி பண்றீங்கன்னு நெனச்சேன்."

அன்று மாலையே சுபத்ரா தன் கால் பங்கைத் துலாவில் போட்டாள். மறுநாள் அது அவள் கணக்குக்கே திரும்பி வந்துவிட்டது. பங்கில்லாதவரிடம் துலா பணம் வாங்குவதில்லை. ரொக்கமாக மங்கையிடம் நீட்டினாள்.

"நான் சந்தோசமா இருந்ததுக்கு நீங்க காசு குடுப்பீங்களா? நல்லாருக்கேக்கா கதை!" என்று மங்கை கையைத் தள்ளிவிட்டாள். அவளுக்குப் பணமுடை இருந்தது. ஆனால் ரோஷமும் இருந்தது.

இரண்டாவது மாதத்தில் சிரிப்பு குறைந்தது. படிப்புக்கடன் தவணைக்கு வைத்திருந்த பணத்தைத் துலா எடுத்துக்கொண்டு போனதும் மங்கை யோசிக்க ஆரம்பித்தாள். ஜெசிந்தாவின் வேலை தன்னால் கெட்டுப்போவதில் அவளுக்கு விருப்பமில்லை. ஆகவே சந்தோஷத்தைக் குறைத்துக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

அதற்கு அவள் கண்டுபிடித்த வழிகள் வேடிக்கையானவை. ரசம் குடிக்கும்போது பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொள்வாள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காருவாள். படம் பார்க்கும்போது நல்ல காட்சி வந்தால் தொடையைக் கிள்ளிக்கொள்வாள். அவள் பங்கு இறங்கியதும் அந்தச் சுமை மற்ற இருவர் தலையில் விழுந்தது. பிறகு அவர்களும் ஆரம்பித்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஃபர்ஹானா அவர்கள் ஊர் முறையில் நெய்ச்சோறும் கல்யாண விருந்துக் களறிக் கறியும் ஆக்கியிருந்தாள். மூடியைத் திறந்தபோது வந்த வாசனையில் மூவரும் ஒரே நேரத்தில் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

"சரி, ஏதாவது கவலையானதாப் பேசுவோம்" என்றாள் ஜெசிந்தா அவசரமாக. "இந்த வருசம் வருமான வரி..."

"இரு, என்கிட்ட இன்ஷூரன்ஸ் பாலிசி இருக்கு" என்று ஃபர்ஹானா போனை எடுத்து, ஒரு கையால் சோற்றைப் பிசைந்தபடி உரக்க வாசிக்கத் தொடங்கினாள். "பாலிசிதாரர் விபத்தில் ஒரு காலை இழந்தால்..."

"ரெண்டு காலும் போனா?" என்று கேட்டாள் மங்கை, கறியை மென்றுகொண்டே, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

"ரெண்டு கால் போனா முழுத்தொகை."

ஜெசிந்தாவுக்குத் தாங்கவில்லை. புரை ஏறிச் சிரித்துவிட்டாள். அந்தச் சாப்பாட்டில் முக்கால் பங்கு அவள் தலையில் விழுந்தது. சுபத்ரா தட்டை வைத்துக்கொண்டு மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எவ்வளவு முயன்றும் அவர்களால் அடக்க முடியாத ஒன்று, தனக்கு எவ்வளவு முயன்றும் வரவில்லை என்பதை அவள் அன்றுதான் முழுதாக உணர்ந்தாள்.

ஆனால் மங்கை கெட்டிக்காரி. எதைப் பழகினாலும் பிடித்துக்கொள்வாள். சில வாரங்களில் அவளுக்கு வாய்ப்பாடு தேவைப்படவில்லை.

மழை வந்தது. கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த குளத்தின் மேல் சடசடவென்று இறங்கிய மழை. அப்படி மழை வந்தால் மங்கை பால்கனிக்கு ஓடுவாள், கையை நீட்டுவாள், எல்லோரையும் கூப்பிட்டுக் கத்துவாள். அன்று சோபாவில் உட்கார்ந்து நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"மழை பெய்யுது மங்கை" என்றாள் சுபத்ரா.

"ஆமாக்கா."

"போய்ப் பாக்கலையா?"

"மாசக் கடைசிக்கா. சந்தோசப்பட்டா வாடகைல ஏறிடும்." பிறகு போனைத் திருப்பிக் காட்டினாள். அவள் பெயருக்கு நேரே கோடு அசையாமல் படுத்திருந்தது. "பாத்தீங்களா? இப்பல்லாம் முயற்சியே பண்ண வேணாம். தன்னால அடங்கிடுது."

பரீட்சையில் பாஸாகிவிட்டவள் போல அதைச் சொன்னாள். அந்த வீட்டில் அவள் குரலை உயர்த்தி அதுவரை யாரும் கேட்டதில்லை.

"எந்திரிடி!" என்று கத்தினாள். நகவெட்டியைப் பிடுங்கி எறிந்து, மங்கையின் கையைப் பிடித்துத் தரதரவென்று பால்கனிக்கு இழுத்துப் போனாள். "நில்லு இங்க! நனை! இது எப்படி ஆரம்பிக்கும்னு எனக்குத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமா, வலிக்காம போகும். போனதே தெரியாது. எனக்கு வருஷக்கணக்காத் தெரியல. நீ அதைப் பாடம் படிக்கிற மாதிரிப் படிச்சிட்டு உக்காந்திருக்க!"

சத்தம் கேட்டு ஜெசிந்தாவும் ஃபர்ஹானாவும் ஓடி வந்தார்கள். மங்கையும் சுபத்ராவும் தொப்பலாக நனைந்துகொண்டிருந்தார்கள். மங்கை அழுதாள். சுபத்ராவின் முகம் வெளிறிப் போயிருந்தது.

"எல்லாரும் பொட்டக் கழட்டுங்கட்டி" என்றாள் ஜெசிந்தா. "வேல போனா மயிராப் போச்சு. வேற தேடிக்கிடுதேன்."

"வேண்டாம்" என்றாள் சுபத்ரா. "எனக்கு அது வேணும். ஒரு நாளாவது என் பேர்ல ஒரு ரூபா வரணும். அதப் பாக்காம நான் கழட்ட மாட்டேன்." தலையிலிருந்து வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா வாடகையையும் கரண்டையும் துலாவுலேர்ந்து எடுத்துடு. அதை அவங்கவங்க சம்பளத்துக்குத் தக்கபடி போட்டுக்கலாம். மங்கை, மறுத்துப் பேசாதே. இது தானம் இல்ல."

மங்கை மூக்கை உறிஞ்சினாள். "நீங்க எங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மாகிட்ட வந்தா நான் ஒத்துக்கிறேன்."

ஒப்பந்தம் அப்படி முடிந்தது.

மனநல மருத்துவர் துலாவின் பூஜ்யங்களை வரிசையாகப் பார்த்தார். "வயித்துவலின்னா வர்றாங்க. ரசம் ருசிக்கலைன்னு யாரும் வர்றதில்ல" என்றார். இதற்கு ஒரு பெயர் உண்டு, மருந்து உண்டு, கொஞ்சம் காலம் பிடிக்கும் என்று விளக்கினார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாராவாரம் வந்து பேசச் சொன்னார். கிளம்பும்போது, "உங்களுக்கு முன்னால எது பிடிக்கும்?" என்று கேட்டார். சுபத்ரா கூட வந்திருந்த மங்கையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அத நாங்க கண்டுபிடிக்கிறோம்" என்று சொல்லிவிட்டாள் மங்கை.

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததை ஒரு படையெடுப்பு என்றுதான் சொல்ல வேண்டும். சுபத்ராவை ரோட்டுக்கடைக் காளான் சாப்பிட அழைத்துப்போனார்கள். பூஜ்யம். பொருட்காட்சியில் ராட்டினத்தில் ஏற்றினார்கள். உச்சியில் போய் நின்றதும் ஜெசிந்தா மாதாவைக் கூப்பிட்டு அலறினாள், ஃபர்ஹானா கண்ணை மூடிக்கொண்டு ஓத ஆரம்பித்தாள், மங்கை "இன்னொரு ரவுண்டு!" என்று கீழே பார்த்துக் கத்தினாள். சுபத்ரா, "காத்து நல்லா வருது" என்றாள். பூஜ்யம். பக்கத்துத் தெருவில் நாய் போட்ட குட்டிகளில் ஒன்றைக் கடன் வாங்கி வந்து மடியில் விட்டார்கள். அது ஒன்றுக்குப் போனது. உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டினார்கள். அப்போதும் பூஜ்யம்தான்.

வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு முயற்சிக்கும் ஆன செலவு மற்ற மூவர் பெயரில்தான் விழுந்தது. சுபத்ராவுக்குச் சந்தோஷம் தேடப் போய் அவர்கள்தான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். மங்கையின் கோடு மறுபடி துள்ள ஆரம்பித்திருந்தது. அதை அவள் மறைக்கப் பார்த்தபோது சுபத்ரா போனைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "அப்படியே இரு" என்றாள்.

மூன்றாவது மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறையில் சுத்தியலால் அடித்தது போல ஒரு சத்தம். பல் தேய்த்துக்கொண்டிருந்த ஃபர்ஹானா எட்டிப் பார்த்தபோது, தொட்டிக்குக் கீழே சுவரோரம் போகும் குழாய் வெடித்து, தண்ணீர் எதிர்ச் சுவரில் போய் மோதிக்கொண்டிருந்தது.

"ஏய், வாங்கடி! வீடு போச்சு!"

மங்கை துண்டைச் சுருட்டி அடைக்கப் பார்த்தாள். துண்டு பறந்து போய்ப் பாத்திர அடுக்கில் விழுந்தது. ஜெசிந்தா வாளி வைத்தாள். வாளி நொடியில் நிறைந்து மிதந்தது. தண்ணீர் கூடத்துக்கு வந்து, ஃபர்ஹானாவின் அறைக்குள் நுழைந்து, தரையில் போட்டிருந்த மெத்தையை நனைத்தது. பிளம்பருக்குப் போன் போட்டால் ஞாயிற்றுக்கிழமை எடுக்கவில்லை.

"மொட்டை மாடியில கேட் வால்வு இருக்கும்" என்று ஒரு குரல் கேட்டது. சுபத்ரா நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அம்மியில் கிடந்த குழவியைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறி ஓடினாள்.

வால்வு துருப்பிடித்து இறுகியிருந்தது. துணியைச் சுற்றி, குழவியால் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டித் திருகினாள். அசையவில்லை. இன்னும் இரண்டு தட்டு. முனகிக்கொண்டு திரும்பியது. கீழே தண்ணீர் நின்றதும் மூவரும் போட்ட கூச்சல் மாடிக்குக் கேட்டது.

இறங்கி வந்தவள் வெடித்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். தண்ணீரிலேயே உட்கார்ந்தாள். பிறகு அவள் பேசிய வேகத்தில் ஜெசிந்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஒரு முழம் முக்கால் இஞ்ச் பைப், ரெண்டு கப்ளிங், ஒட்டுறதுக்கு ஒரு டப்பா சொல்யூஷன். அந்த டீக்கடைக்குப் பக்கத்து ஹார்டுவேர் கடை தொறந்திருக்கும், ஓடு. ஃபர்ஹானா, வாட்ச்மேன்கிட்ட ரம்பப் பிளேடு வாங்கிட்டு வா. மங்கை, நீ மாடியில நில்லு. நான் தொறன்னு சொன்னா தொற, அதுக்கு முன்னால தொடாதே."

பொருள்கள் வந்தன. சுபத்ரா தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு குழாயை அறுத்தாள். முனைகளை உரசிச் சமப்படுத்தினாள். "இன்னும் மாட்டல, பொறு. தொறக்காதே!" என்று அவள் கத்தியதில் மங்கைக்குக் கடைசிப் பாதி காற்றில் போய்விட்டது. 'தொற' மட்டும் கேட்டது.

தண்ணீர் முழு வேகத்தில் சுபத்ராவின் முகத்தில் அடித்தது. மூக்கு, வாய், காது எங்கும் தண்ணீர். ஜெசிந்தா பதறிப்போய் மாடியைப் பார்த்து அலறினாள். தண்ணீர் நின்றது. தொட்டிக்கு அடியிலிருந்து இருமல் சத்தம் வந்தது. அதன் பிறகு இன்னொரு சத்தம். மூக்கால் உறிஞ்சியும் தொண்டையால் விக்கியும் மாறி மாறி வரும் விநோதமான சத்தம். அடிபட்டுவிட்டதோ என்று இருவரும் பயந்து குனிந்து பார்த்தார்கள்.

சுபத்ரா சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று பேருக்கும் பழக்கமான அந்த அளவான புன்னகை இல்லை. இது கட்டுக்கடங்காத, அழகில்லாத சிரிப்பு. வலது கையில் ரம்பப் பிளேடு, இடது கையில் குழாய்த்துண்டு, நெற்றியில் ஒட்டிய ஒரு கறிவேப்பிலை.

"சின்ன வயசுல எங்க வீட்டு மிக்ஸியைப் பிரிச்சுப் போட்டேன்" என்றாள் மூச்சு வாங்க. "அப்புறம் ரேடியோ. அப்புறம் அப்பாவோட ஸ்கூட்டர் கார்ப்புரேட்டர். இதுக்குத்தான்டி நான் மெக்கானிக்கல் படிச்சேன்! இதுக்குத்தான்! இப்போ பதினொரு வருஷமா மீட்டிங்தான். ஒரு ஸ்க்ரூகூடத் திருகல."

குழாயை மாட்டி, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை கையால் பிடித்துக்கொண்டே இருந்தாள். விடச் சொன்னாலும் விடவில்லை.

அதற்குள் கீழ் வீட்டிலிருந்து ஓனர் வரதராஜுலு மேலே வந்துவிட்டார். மோட்டார் பம்பு கடை வைத்திருப்பவர். இரண்டாவது மாடி அவர் வீடு. அங்கே கூடத்துக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க அம்மிணி, இப்பத்தானுங்க சீலிங்கு பண்ணுனேன். அத்தனையும் பொங்கிப் போச்சுங்க. யாருங்க இதுக்குப் பணம் கட்டறது?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெசிந்தா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். குழாய், மெத்தை, ஓனர் வீட்டுக் கூரை எல்லாவற்றையும் துலாவில் ஏற்றினாள். கணக்கு வந்ததும் போனை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"என்னட்டி, எவ்வளவு?" என்று ஃபர்ஹானாகூட ஜெசிந்தாவின் பாஷையில் கேட்டாள்.

"நம்ம மூணு பேருக்கும் பூஜ்யம்" என்றாள் ஜெசிந்தா. "சுபத்ராக்காவுக்கு நூத்துக்கு நூறு."

சுபத்ரா அப்போதுதான் குழாயிலிருந்து கையை எடுத்தாள். வழுக்கும் தரையில் தடுமாறி வந்து போனைப் பிடுங்கிப் பார்த்தாள். தன் பெயரைப் பார்த்தாள். அதற்கு நேரே இருந்த தொகையைப் பார்த்தாள். பெரிய தொகை. அவள் குதித்த குதியில் தண்ணீர் நாலா பக்கமும் தெறித்து ஓனரின் வேட்டி நனைந்தது.

"என் பேர்ல வந்துடுச்சு! சார், மொத்தச் செலவும் என் பேர்ல வந்துடுச்சு!"

வரதராஜுலு இரண்டடி பின்வாங்கினார். "அதுக்கு ஏனுங்க இப்படிச் சிரிக்கறீங்க?"

மங்கை மாடியிலிருந்து ஓடி வந்து விஷயம் கேட்டு, சுபத்ராவைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். ஃபர்ஹானா வந்து சேர்ந்துகொண்டாள். நனைந்த மெத்தை அவளுக்கு மறந்தே போயிருந்தது. ஜெசிந்தா மூவருக்கும் மேலே விழுந்தாள். போன் கீச்சிட்டது. மறுபடி கீச்சிட்டது. இன்னும் முடித்துவைக்காத கணக்கு அது. மங்கையின் கோடு ஏறியது, ஃபர்ஹானாவின் கோடு ஏறியது, ஜெசிந்தாவுடையது அதற்கும் மேலே போனது. சுபத்ராவின் நூறு தொண்ணூறாகி, எழுபதாகி, இறங்கிக்கொண்டே வந்தது.

"ஏய், விடுங்கடி! என் பங்கைக் குறைக்காதீங்க!" என்று சுபத்ரா அவர்களைத் தள்ளினாள். "எல்லாரும் வாய்ப்பாடு சொல்லுங்க! பதினேழாம் வாய்ப்பாடு சொல்லுங்கடி!"

"முடியாதுக்கா" என்றாள் மங்கை. "எங்களுக்கும் வேணும்."

ஓனர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து தொட்டிக்கு அடியில் ஒட்டியிருந்த இணைப்பை விரலால் தடவிப் பார்த்தார். "வேலை சுத்தமா இருக்குதுங்க. யாரு பண்ணுனது?" என்று கேட்டார். யார் என்று தெரிந்ததும், தன் கடையில் யாராலும் ஓட வைக்க முடியாத ஒரு பழைய மோட்டார் கிடப்பதாகவும், நேரமிருந்தால் வந்து பார்க்கலாம் என்றும் சொன்னார். சுபத்ரா அடுத்த சனிக்கிழமையே போனாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் போனாள். கையெல்லாம் கிரீஸோடு திரும்பி வருவாள். மாத்திரைகளை விடவில்லை, டாக்டரம்மாவிடம் போவதையும் விடவில்லை.

மூன்று மாதம் முடிந்ததும் ஜெசிந்தா நான்கு பொட்டுகளையும் அட்டையில் ஒட்டிக் கம்பெனியில் கொடுத்துவிட்டாள். பங்கு போடுவதற்கு இதை விற்காதீர்கள், ஜனங்கள் சிரிக்கப் பயப்படுவார்கள் என்று எழுதிக் கொடுத்தாள். மேலதிகாரிக்குக் கோபம் வந்தது. வேலை போகவில்லை, வேறொரு பிரிவுக்கு மாற்றினார்கள். துலா என்ன ஆனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் அதற்கப்புறம் செலவை யார் எவ்வளவு கொடுப்பது என்பதைச் சாப்பிட்டுக்கொண்டே பேசி முடிவு செய்தார்கள். சில மாதம் சண்டை வந்தது. ஃபர்ஹானா மலைக்கு வந்தால் பாதிக் கட்டணம் என்று தீர்மானம் ஆயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை ஃபர்ஹானா மறுபடி நெய்ச்சோறும் கறியும் ஆக்கினாள். காதுக்குப் பின்னால் எதுவும் இல்லாமல் நால்வரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். சுபத்ராவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியில்லை. மூவரும் அவளைப் பார்க்காதது போல ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுபத்ரா ஒரு வாய் எடுத்து மென்றாள். எது கொடுத்தாலும், எவ்வளவு சுமாராக இருந்தாலும், 'நல்லாருக்கு' என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போகிறவள் அவள்.

"எப்படிக்கா இருக்கு?" என்று மங்கை மெல்லக் கேட்டாள்.

சுபத்ரா புருவத்தைச் சுருக்கினாள். இன்னொரு வாய் எடுத்து நிதானமாகச் சுவைத்தாள்.

"உப்பு கம்மி. பட்டை ஜாஸ்தி. கறி இன்னும் ரெண்டு விசில் விட்டிருக்கணும். போன தடவை இதவிட நல்லா இருந்திருக்கும், எனக்குத்தான் குடுத்து வைக்கல. அந்தத் தாளிப்புல முந்திரி போட்டியா? போட்டியே தவிர வறுக்கல..."

மங்கை சோற்றுக் கையோடு எழுந்து கூச்சல் போட்டாள். ஜெசிந்தா தட்டைத் தட்டித் தாளம் போட்டாள். ஆக்கிய ஃபர்ஹானா மட்டும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அல்லாவே, இதுக்கா நாங்க அவ்வளவு பாடுபட்டோம்!" என்றாள். சொல்லும்போதே அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சுபத்ரா எதையும் கவனிக்கவில்லை. குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.